சுவரில் இருந்தவர்களுக்கும் ஊதா மருந்து

“எழுதியிருக்கிறதத்தான் படிக்கிறியா, இல்ல அவங்க மூஞ்சியப் பாத்துப் படிக்கிறியா?”

ஆயாக்கா என்னிடம் இதைக் கேட்டபோது எனக்குப் பதினைந்து வயது. தாப்பா இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் ஆறாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா கைநாட்டு. அம்மாவுக்குத் தன் பெயரில் உள்ள முதல் எழுத்து மட்டும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் போட்டுக்கொண்டு காலை பஸ் ஏறிய என்னை, கொட்டாயில் பிள்ளை பார்க்கும் ஒரு பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர், எல்லாருக்கும் முன்னால் சந்தேகப்பட்டுவிட்டார். கோபத்தில் எனக்குக் காது சூடானது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு ஆயாக் கொட்டாய் என்று பெயர். அதனால் அவர் ஆயா. வயது நாற்பதுக்குள் இருந்ததால் ஆயாக்கா.

விடியும் முன்னே பெரட்டு என்னும் ஆள்கணக்கு வரிசைக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் கித்தா மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு வந்து அவரிடம் கொடுப்பார்கள். பழைய சாரோங்குத் துணிகளில் கட்டிய ஏழெட்டுத் தொட்டில்கள் உத்தரத்திலிருந்து தொங்கும். அவர் ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது நின்றுவிடும். ஆகையால் எல்லாத் தொட்டில்களையும் ஒரே கயிற்றில் இணைத்து, அந்தக் கயிற்றின் நுனியைத் தன் கால் கட்டைவிரலில் மாட்டியிருப்பார். பால் காய்ச்சும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சும்மா உட்கார்ந்து பேசும்போதும் ஆடும். கோயில் திருவிழாவில் சாப்பாட்டுப் பந்தியில்கூட அவர் வலது கால் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டாயின் சுவர் பலகைச் சுவர். மழைக்காலத்தில் பலகை இடுக்கு வழியாகச் சாரல் வந்து பிள்ளைகள் மேல் விழும். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது பங்களாச் சமையற்காரர் அவர் விட்டுப்போன ஒரு மூட்டைப் பத்திரிகைகளைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கக் கொண்டுபோனார். ஆயாக்கா வழியில் மடக்கி, சுவரில் ஒட்டக் கேட்டார்.

“வேணாம்லா அக்கா,” என்றாராம் சமையற்காரர். “இது ஆம்பளைங்க புஸ்தகம். உள்ள எல்லாம் ஒரு மாதிரி இருக்கும்.”

“எனக்குக் காகிதம் போதும்,” என்று வாங்கிக்கொண்டார்.

பிரித்துப் பார்த்தபோதுதான் ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவருக்குத் தெரிந்தது. முழுப்பக்கப் பெண் படங்களை எல்லாம் கிழித்துப் பால் அடுப்பில் வைத்தார். மீதி இருந்தவை எழுத்துப் பக்கங்களும், பக்க மூலைகளில் கோடுகளால் வரைந்திருந்த சிரிப்புப் படங்களும். எழுத்துப் பக்கங்களை இடுக்கில் திணித்தார். சிரிப்புப் படங்களை வெட்டி எடுத்து, மரவள்ளி மாவுக் கஞ்சியால் சுவர் முழுக்க ஒட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, “அதுல உள்ளவங்களுக்குத்தான் மூஞ்சி இருந்துச்சு,” என்றார்.

ஆனால் சிரிப்புப் படத்திலும் பெண்கள் பாதி உடுப்போடுதான் இருந்தார்கள். பிள்ளைகள் வளர்கிற இடம் ஆயிற்றே. குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கும் சிரங்குக்கும் தோட்ட ஆஸ்பத்திரியில் ஊதா மருந்து கொடுப்பார்கள். ஆயாக்கா தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, அந்த மருந்தில் தோய்த்து, படத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ரவிக்கை போட்டுவிட்டார். ஆஸ்பத்திரி நர்சுக்கு, கடற்கரையில் படுத்திருந்தவளுக்கு, ராஜாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த பன்னிரண்டு மனைவிகளுக்கு, எல்லாருக்கும் ஊதா ரவிக்கை. சிலருக்கு முந்தானையும் உண்டு.

மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரசர் ஒருநாள் கொட்டாய்க்கே வந்துவிட்டார்.

“என்னாம்மா, மாசத்துக்கு நாலு போத்தல் கேக்குற. அத்தன பிள்ளைக்கா வாய்ப்புண்ணு?”

“பிள்ளைங்களுக்கு ஒரு போத்தல் போதும் ஐயா. மத்ததெல்லாம் சுவத்துல இருக்கிறவங்களுக்கு.”

டிரசர் சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், அடுத்த மாதமும் நாலு போத்தல் அனுப்பினார்.

ஆயாக்காவுக்குச் சிரிப்பு வராது. கோபக்காரர் என்பதால் அல்ல. எந்த வேடிக்கையும் அவருக்கு முடிகிற இடத்தில் முடியாது. எல்லாரும் சிரித்து ஓய்கிற இடத்தில் அவர், “அப்புறம்?” என்பார்.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர், கதை சொல்வதில் கெட்டிக்காரர். கள்ளுக்கடையிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு ஆள் எப்படிக் கால்வாய்க்குள் விழுந்து, விழுந்த இடத்திலேயே மனைவியைக் கூப்பிட்டு வைதார் என்று நடித்துக் காட்டுவார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆயாக்கா கேட்பார்:

“அப்புறம் யாரு தூக்கிவிட்டா?”

“அதெல்லாம் தெரியாதுலா அக்கா. கத அவ்வளவுதான்.”

“அடிபட்டுச்சா?”

“ஐயோ, இவங்கள யாராச்சும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கலா,” என்பார் மண்டோர். அதற்கும் கூட்டம் சிரிக்கும்.

சுவரில் இருந்தவர்களைப் பற்றியும் அவர் அப்படித்தான் கவலைப்பட்டார். நடுக்கடலில் ஒற்றைத் தென்னைமரத் தீவில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருந்தது. அதே மாதிரி ஏழெட்டுப் படங்கள் இருந்தன. துரைமார்களுக்கு அந்தத் தீவு அலுக்கவே இல்லை போலிருக்கிறது. “ரெண்டு பேருக்கு ஒரு மரம். தண்ணிக்கு என்னா பண்றாங்க?” என்பார். கணவன் வீட்டுக்குள் நுழைய, அலமாரிக்கு அடியில் வேறு ஒருவனின் கால்கள் தெரிகிற படம். “உள்ள இருக்கிறவனுக்கு மூச்சு முட்டாது?” தள்ளாடும் கிழவர் பக்கத்தில் கல்யாண உடையில் சின்னப் பெண். “இவ அம்மா அப்பாவ ஏன் போடல?” படத்துக்குள் ஆள் இல்லாத இடத்தையும் அவர் பார்ப்பார்.

என் தங்கையைக் கொட்டாயிலிருந்து கூட்டிப்போவது என் வேலை. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளியின் புதுமுக வகுப்புக்கு நான் போன வருடமே ஆயாக்கா என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். “இதுக்குக் கீழ என்னா போட்டிருக்கு?”

உண்மையைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளியில் பாடமெல்லாம் மலாயில். ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பாதிச் சொற்களுக்குப் பொருள் புரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. மருந்துப் போத்தல், பஸ் அட்டவணை, அரசாங்கக் கடிதம் எல்லாவற்றையும் தோட்டமே என்னிடம் கொண்டுவந்தது. நான் வாசலில் வந்து நின்றால் பெரியவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது. ஆகையால் படத்தைப் பார்த்து எனக்குத் தோன்றியதை அடித்துவிடுவேன். தீவுக்காரன், “நாளைக்குக் கப்பல் வரும்,” என்கிறான். நர்ஸ், “ஊசி போடட்டுமா?” என்கிறாள். அங்கே பிள்ளை தூக்க வந்த பெண்கள் சிரித்தால், அதையே மறுநாள் இன்னும் கொஞ்சம் நீட்டுவேன்.

ஆயாக்கா ஒருநாள் சொன்னார்: “நேத்து வேற மாதிரி சொன்ன.”

“நேத்து அவசரத்துல படிச்சேன்.”

அவர் தலையாட்டினார். கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவரில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஓர் அலுவலகம். பெரிய மேசை. ஒரு பருத்த ஆள் மேசையைச் சுற்றி ஒரு பெண்ணைத் துரத்துகிறான். அவள் கையில் குறிப்புப் புத்தகம், ஒரு காலில் செருப்பு இல்லை. வாய் திறந்திருக்கிறது. வரைந்தவர் வாயை ஒரே கோட்டில் போட்டுவிட்டார். சிரிக்கிறாள் என்றால் சிரிக்கிறாள், கத்துகிறாள் என்றால் கத்துகிறாள். அவளுக்கு உடுப்பு சரியாகவே இருந்ததால் ஆயாக்கா ஊதா பூசவில்லை. ஆனால் அதிகம் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

“கதவுக்கு வெளிய ஆள் இருக்கு,” என்றார் ஒருமுறை.

“எங்க இருக்கு? படத்துல இல்லியே.”

“இவன் மூஞ்சியப் பாரு. ஓடுறது அவ பின்னாடி, பேசுறது கதவப் பாத்து. வெளிய யாரோ தட்டுறாங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “தட்டுறவங்க ஏன் தொறக்கல?” என்றார்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இரண்டு வீடு தள்ளி சரசு இருந்தாள். பதினேழு வயது. ஒப்பந்தத்தில் புல் வெட்டுகிற வேலை. தோட்டத்தின் நிரந்தரப் பதிவில் பெயர் சேர்க்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி அவளை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார். நான் அன்று தங்கையைக் கூட்டிவரக் கொட்டாயில் இருந்தேன். ஆபீசுக்கும் கொட்டாய்க்கும் நடுவில் ஒரு திடல்தான். சரசு அந்தத் திடலைத் தாண்டி ஓடி வந்தாள். சட்டையின் தோள் தையல் விட்டிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

நான் அந்தக் காலைப் பார்த்தேன். இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான். செருப்பில்லாத அந்தக் காலை நான் பார்த்தேன்.

ஆயாக்கா என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தொட்டில் கயிற்றைக் கட்டைவிரலிலிருந்து கழற்றினார். அதை அவர் பகலில் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். சரசுவைத் தண்ணீர்ப் பானை பக்கத்தில் உட்காரவைத்து, ஊசி நூல் எடுத்துத் தோள் தையலைப் போட்டார். பிறகு என்னைத் தங்கையோடு வீட்டுக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை பெரட்டில், எல்லாரும் வரிசையில் நின்றிருந்தபோது, ஆயாக்கா புது மேனேஜர் முன்னால் போய், பெரிய கிராணி ஆபீஸ் கதவைச் சாத்திச் சரசுவைத் துரத்தியதைச் சொன்னார். மேனேஜர் கோலாலம்பூரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விசாரிக்கிறேன் என்றார். அன்று மத்தியானம், கித்தாப் பாலை எடைபோட்டுவிட்டு ஆட்கள் பிள்ளை தூக்க வருகிற நேரம் பார்த்து, பெரிய கிராணி மேனேஜரைக் கொட்டாய்க்கே கூட்டிவந்தார். இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தது கிராணிதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கிராணிக்குக் கோபமே இல்லை. சிரித்த முகம்.

“சார், இந்தம்மா நல்லவங்க. தப்பா சொல்ல மாட்டேன். ஆனா ஒரு படத்தப் பாத்தா அது நெசம்னு நெனைக்கிறவங்க. தீவுல உள்ளவனுக்குத் தண்ணி இல்லன்னு கவலப்படுவாங்க. இந்தா, இதப் பாருங்க. மேச, கதவு, ஆபீஸ்காரன், ஒரு பொண்ணு, கால்ல செருப்பு இல்ல. இவங்க சொன்ன கதையில இல்லாதது எதாச்சும் இருக்கா? எத்தன வருசமா இதையே பாத்துக்கிட்டு இருக்காங்க. அந்தப் பிள்ள வழியில தடுக்கி விழுந்து வந்திருக்கும், இவங்க இதச் சேத்துட்டாங்க.”

மேனேஜர் குனிந்து படத்துக்குக் கீழே இருந்ததை வாசித்தார். உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “ஜோக்தானே இது,” என்றார்.

“நம்ம சொன்னா இவங்க நம்ப மாட்டாங்க சார். நம்ம தோட்டத்துப் பிள்ளையே சொல்லட்டும்.” கிராணி கூட்டத்தில் என்னைப் பார்த்தார். “வாம்மா. தாப்பாவுல படிக்குது சார். இந்தத் தோட்டத்துக்கே பெரும. படிச்சு எல்லாருக்கும் சொல்லும்மா.”

அப்பா எனக்கு வழி விட்டார். அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். சரசு தொட்டில்களுக்குப் பின்னால் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தேன். தடங்கல் இல்லாமல். ஒரே வரி. நிமிடம் என்ற சொல் தெரிந்தது. கடிதம் என்ற சொல் தெரிந்தது. நடுவில் இருந்தது தெரியவில்லை. மேனேஜரின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இன்னும் அங்கேயே இருந்தது. கிராணியின் முகத்தைப் பார்த்தேன். தலையை மெதுவாக ஆட்டினார், ஆசிரியர் சரியான விடைக்கு ஆட்டுவது போல.

“இது வெளையாட்டு சார்,” என்றேன். “அந்தப் பொண்ணே சிரிச்சுக்கிட்டுத்தான் ஓடுது. அப்பிடித்தான் போட்டிருக்கு.”

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு ஆண்கள் எல்லாரும். என் அப்பாவும். மண்டோர், “அப்ப சிரிச்சுக்கிட்டேதான் ஓடிருக்கு,” என்று சரசு இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார். மறுபடி சிரித்தார்கள்.

அப்போதுதான் ஆயாக்கா என் பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல், எழுதியிருப்பதைத்தான் படிக்கிறாயா, அவர்கள் முகத்தைப் பார்த்துப் படிக்கிறாயா என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். “ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமா? தெரிஞ்சா நீங்க படிச்சுக் காட்டுங்க பாப்போம்,” என்றேன்.

அதற்குத்தான் அன்று பெரிய சிரிப்பு.

அந்த வாரமே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். படங்களைச் சுரண்டக்கூட இல்லை, மேலேயே அடித்தார்கள். இரண்டு மூன்று நாளில் ஊதா கசிந்து வெளியே வந்தது. மறுபடி அடித்தார்கள், மறுபடி வந்தது. கடைசியில் விட்டுவிட்டார்கள். நான் தோட்டத்தை விட்டு வரும்வரை அந்த வெள்ளைச் சுவரில் சின்னச் சின்ன ஊதாக் கறைகள் தோள் உயரத்தில் இருந்தன. முகங்கள் இல்லை, ரவிக்கைகள் மட்டும்.

ஆயாக்காவைப் புல் வெட்டப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. சரசுவின் சின்னம்மா பாகான் செராயில் இருந்தார். அங்கே அவளை அனுப்புவது என்று முடிவானது. பிள்ளையைத் தனியாக எப்படி பஸ்ஸில் விடுவது என்று அவள் அம்மா அழுதார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சரசுவின் தகரப்பெட்டியை ஆயாக்கா தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, சரசு பின்னால் போனதை நான் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார் என்று நினைத்தோம். அவர் வரவே இல்லை.

என் வார்த்தை மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, “சிரிச்சுக்கிட்டே ஓடு” என்று கத்தினார்கள். பெரியவர்கள் சரசுவைப் பற்றிப் பேசினால் பெயர் சொல்ல மாட்டார்கள். “சிரிச்சுக்கிட்டே ஓடுனவ” என்றால் போதும். கல்யாணம், கருமாதி என்று தோட்டத்து ஆட்கள் போன ஊருக்கெல்லாம் அந்தப் பெயரும் போனது.

ஐந்தாம் படிவம் முடித்து ஈப்போவில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படிக்க வந்தேன். முதல் வாரத்தில் ஒருநாள் ஆசிரியை ஆங்கிலத்தில் சொன்னார்: இப்போது நான் ஒரு கடிதம் சொல்லப்போகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாத் தலைகளும் குனிந்தன. என் பென்சில் ஓடவில்லை. படத்துக்குக் கீழே எனக்குத் தெரியாமல் இருந்த அந்த நடுச்சொல், சொல்லி எழுதவைப்பது என்ற சொல், அதுதான். வரி எனக்கு எழுத்தெழுத்தாக மனப்பாடம். ஒரு நிமிடம் பொறுங்கள், கடிதம் ஒன்று சொல்லி எழுதவைத்துக்கொண்டிருக்கிறேன். பேசுகிறவன் அவன். பேசுவது கதவுக்கு வெளியே தட்டுகிறவரிடம். அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் சிரிக்கிறாள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

படிக்கத் தெரியாத ஆயாக்கா அதைப் படித்திருந்தார்.

தெரிந்துகொண்டபின் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பாடத்தை முடித்தேன். முதல் மாணவியாகத் தேறினேன். ஈப்போவில் ஒரு கம்பெனியில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்தேன். புந்தோங்கில் அத்தை வீட்டில் தங்கினேன். கையில் குறிப்புப் புத்தகத்தோடு ஒரு பெரிய மேசைக்கு முன்னால் உட்காருவது இப்போது என் தொழில். என் அதிகாரி கதவைத் திறந்து வைத்துத்தான் கடிதம் சொல்வார். அது என் அதிர்ஷ்டம், திறமை அல்ல. சரசுவின் முகவரியைக் கேட்டு வாங்க ஐந்து வருடங்களில் ஐந்து நிமிடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அத்தை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். அவருடைய தம்பி லாரி ஓட்டுகிறவர். பாகான் செராய் அரிசி ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. பெண் சரசு.

“நீயும் அந்தத் தோட்டம்தானம்மா. படிச்ச பொண்ணு, நீ சொன்னா நாங்க நம்புவோம். பொண்ணு எப்படி? யாரோ ஒருத்தவங்க, சிரிச்சுக்கிட்டே ஓடுனவன்னு ஒரு மாதிரி சொல்றாங்களே, என்னா அது?”

மறுபடியும் என்னைத்தான் கேட்டார்கள். மறுபடியும் ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எனக்கு அவ்வளவா பழக்கம் இல்லங்க அக்கா,” என்றேன். “நான் படிப்புலயே இருந்துட்டேன்.”

அவர் போனபின் அத்தை கேட்டார், “என்னாம்மா, ரெண்டு வீடு தள்ளி இருந்தவளாச்சே?” நான் குளிக்கப் போய்விட்டேன்.

போன மாதம் அம்மா தோட்டத்திலிருந்து வந்திருந்தார். அந்தத் தோட்டத்தையும் இப்போது துண்டு துண்டாக விற்கிறார்கள். கொட்டாயை இடித்துவிட்டார்களாம். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்:

“ஆயாக்கா போயிட்டாங்களாம், தெரியுமா. ரெண்டு மாசம் ஆச்சாம். கடைசி வரைக்கும் சரசுகூடத்தான் இருந்தாங்க. அவதான் எல்லாம் பாத்தா.”

நான் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

“ஒன்னயக் கேப்பாங்களாம். நம்ம தோட்டத்து ஆள் யாரு அங்க போனாலும் கேப்பாங்களாம்.”

“என்னான்னு?”

“அந்தப் படிச்ச பிள்ள அப்புறம் என்னா ஆச்சுன்னு.”

ஆயாக்கா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தீவில் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருப்பவனையும் அலமாரிக்குள் மூச்சு முட்டுகிறவனையும் விசாரித்த அதே கேள்வியால் என்னையும் விசாரித்திருக்கிறார். ஒன்பது வருடமாக நானும் அவர் சுவரில் இருந்திருக்கிறேன்.

மறுநாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். தமிழில், ஒரே பக்கம். அந்தச் சனிக்கிழமை நான் பார்த்தது என்ன. அந்தத் திங்கட்கிழமை நான் சொன்னது என்ன. படத்துக்குக் கீழே உண்மையில் எழுதியிருந்தது என்ன. எனக்கு அன்று அதைப் படிக்கத் தெரியாது என்பது. கடைசி வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. தெரியாது என்ற அந்தச் சொல்லை நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை. இரண்டு பிரதி எடுத்து இரண்டிலும் அப்பா பெயரோடு என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

போன சனிக்கிழமை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். தம்பி இருந்தார், அவர்கள் அம்மா இருந்தார், மாமா ஒருவர் இருந்தார். நாற்காலி போட்டு மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். கடிதத்தை நீட்டினேன். அந்த அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

“எங்களுக்கு அவ்வளவா வராது. நீயே படிச்சுச் சொல்லும்மா.”

எழுந்து நின்று படித்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன். படித்து முடித்ததும் மாமா, “அப்ப நீதானா அது?” என்றார். “ஆமாங்க, நான்தான்,” என்றேன். லாரிக்காரத் தம்பி என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. சரசுவுக்கான இரண்டாவது பிரதி என் பையில் இருக்கிறது. அதைத் தபாலில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. பாகான் செராய் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.